ஆயுள் அவன் கையில், அளவு நம் கையில்



ஒவ்வோர் உயிருக்கும் அல்லாஹு தஆலா ஒரு தவணையைக் குறித்து வைத்திருக்கின்றான். அரபியில் அதனை ‘அஜல்’ என்பார்கள். அது வந்துவிட்டால் மன்னனாயினும் மருத்துவனாயினும் ஒரு கணமும் தள்ளிப் போட இயலாது. இது நம் ஈமானைச் சேர்ந்த விஷயம். இதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் இந்த உறுதியான நம்பிக்கையைத் தம் சோம்பலுக்குச் சாக்காக ஆக்கிக் கொண்டோர் நம்மிடையே பலர் உளர். “எழுதியபடிதானே நடக்கும்? பத்தியம் எதற்கு? நடை எதற்கு? பீடியை விட்டால் மட்டும் மவுத்து தள்ளிப் போய்விடுமா?” என்று கேட்பவர்களைக் கலியாணப் பந்தியிலும் காண்கிறோம், பள்ளிவாசல் திண்ணையிலும் காண்கிறோம். இப்படிக் கேட்கும் அதே மனிதர் இரவில் தம் கடைக்குப் பூட்டுப் போடாமல் வீடு திரும்புவதில்லை. “ரிஸ்கும் எழுதப்பட்டதுதானே” என்று கடையைத் திறக்காமல் இருந்துவிடுவதுமில்லை. பொருளைக் காக்க முயற்சி, உடலைக் காக்க மட்டும் விதி என்று பங்கு பிரித்துக் கொள்ள நமக்கு அனுமதி தந்தது யார்?

ஆகவே இம்மாதம் இரண்டு கேள்விகளை எடுத்துக் கொள்வோம். ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்க, உடல் நலத்துக்காக நாம் முயல்வது ஈமானுக்கு முரணா? முரணில்லை என்றால், அன்றாட வாழ்வில் எவற்றில், எந்த அளவில் முயல வேண்டும்?

விதியிலிருந்து விதிக்கு

முதற் கேள்விக்குச் சஹாபாக்களின் காலத்திலேயே விடை கிடைத்துவிட்டது.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் (கி.பி. 639) ஷாம் தேசத்தில் கொடிய கொள்ளை நோய் பரவிற்று. அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாமுக்குப் பயணமாகி, ‘சர்கு’ என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள் எதிர்கொண்டு வந்து நோய்ச் செய்தியைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷி முதியவர்களையும் தனித்தனியே அழைத்து ஆலோசனை கேட்டு, திரும்பிச் செல்வதென முடிவு செய்தார்கள்.

அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என வினவினார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள் தந்த விடை, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே நாம் செல்கிறோம் என்பதாகும். அதற்கு ஓர் உவமையும் கூறினார்கள். ஓர் ஓடைப் பள்ளத்தில் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருக்க, ஒட்டகத்தைப் பசும் கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதான், வறண்ட கரையில் மேய்த்தாலும் அது அவன் விதிதான் என்பது அவ்வுவமையின் கருத்து. பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோயுள்ள ஊருக்குள் செல்லாதிருக்கவும், நோயுள்ள ஊரிலிருப்போர் அங்கிருந்து தப்பி ஓடாதிருக்கவும் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருப்பதை எடுத்துரைக்க, உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்நிகழ்ச்சி இடம் பெற்றிருக்கின்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? மேய்ப்பவனுக்கு ஒட்டகத்தின் ஆயுள் தெரியாது. ஆனால் எந்தக் கரையில் புல் இருக்கிறது என்பது தெரியும். தெரிந்ததைச் செய்வது அவன் கடமை. தெரியாததை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது அவன் தவக்குல். நம் உடலும் அத்தகைய அமானிதமே. அதன் தவணை எப்போது என்பதை நாம் அறியோம். ஆனால் எது பசும் கரை, எது வறண்ட கரை என்பதை இன்று நன்றாகவே அறிவோம்.

ஹக்கீம்கள் வகுத்த ஆறு

இனி இரண்டாவது கேள்வி.

முஸ்லிம் நாடுகளில் வளர்ந்து, நம் நாட்டிலும் யூனானி என்ற பெயரில் வேரூன்றிய மருத்துவத்தில் ‘அஸ்பாபே ஸித்தா ஸரூரிய்யா’ என்று ஒரு பாடம் உண்டு. ‘இன்றியமையாத ஆறு காரணங்கள்’ என்பது அதன் பொருள். சென்னையில் 1979-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இது அடிப்படைப் பாடமாகும்.

இதன் வேர் கிரேக்க நாட்டு ஜாலீனூஸிடம் இருக்கின்றது. ‘யூனான்’ என்பதே கிரேக்கத்தைக் குறிக்கும் சொல். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர் இதனை அரபியில் ஒழுங்குபடுத்தித் தந்தார். கி.பி. 980-இல் புகாராவுக்கு அருகில் பிறந்த அபூ அலீ இப்னு ஸீனா, தம் ‘அல்-கானூன் ஃபித் திப்பு’ என்னும் ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூலில் இதனை விரிவாக விளக்கினார்.

அந்த ஆறும் வருமாறு: 1. சுவாசிக்கும் காற்று, 2. உணவும் பானமும், 3. உடலின் அசைவும் ஓய்வும், 4. உள்ளத்தின் அசைவும் அமைதியும், 5. உறக்கமும் விழிப்பும், 6. கழிவுகளை வெளியேற்றலும், வேண்டியவற்றைத் தேக்கி வைத்தலும்.

இவற்றை ‘இன்றியமையாதவை’ என்று ஏன் அழைத்தார்கள்? ஏழையோ செல்வனோ, மனிதன் எவனும் இந்த ஆறையும் விட்டு ஒரு நாளும் வாழ முடியாது. மருந்தை விடலாம், காற்றை விட முடியாது. ஆகவே விடுவதா எடுப்பதா என்பது இங்கே பேச்சல்ல, எந்த அளவில் என்பதே பேச்சு. அளவு சரியாக இருந்தால் இந்த ஆறும் உடலைக் காக்கும், அளவு பிறழ்ந்தால் இந்த ஆறே உடலை அழிக்கும். இந்த நடுநிலையை ‘இஃதிதால்’ என்று ஹக்கீம்கள் அழைத்தார்கள்.

இப்னு ஸீனா இதில் ஒரு நேர்மையான எல்லையையும் வரைந்து வைத்தார். உடல் நலம் பேணும் கலை மரணத்திலிருந்து காக்கும் என்றோ, ஒவ்வொருவருக்கும் மிக நீண்ட ஆயுளைத் தரும் என்றோ எவரும் எண்ண வேண்டாம், உடல் காலத்துக்கு முன்னே கெட்டு உலர்ந்து போகாமல் காப்பதே அதன் வேலை என்ற கருத்தைத் தம் நூலின் முதற் பாகத்தில் அவர் எழுதியிருக்கின்றார். ஓர் ஆலிம் சொல்வதையே அந்த ஹக்கீமும் சொன்னார் என்பதைக் கவனிக்கவும்.

அவருடைய வாழ்விலும் நமக்குப் பாடம் உண்டு. பகலில் அரசாங்க வேலை, இரவில் எழுத்து என ஓய்வின்றி உழைத்ததையும், உடல் இச்சைகளில் அளவு மீறியதையும், அதனால் உடல் தளர்ந்து கடும் வயிற்று வலியில் விழுந்ததையும் அவருடைய மாணவர் அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானீ எழுதி வைத்துள்ளார். கி.பி. 1037-இல், அறுபதை எட்டுவதற்கு முன்பே, ஹமதானில் அவர் காலமானார். உலகுக்கே அளவைக் கற்பித்தவருக்கு இல்மு இருந்தது, அந்த அளவுக்கு அமல் இல்லை. நாம் அறிந்தவற்றில் எத்தனையைச் செய்கிறோம் என்பதை நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ஆறையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஒன்று: காற்று

பணம் கொடுத்து வாங்காத ரிஸ்கு காற்று ஒன்றுதான். அதனைப் பணம் கொடுத்துக் கெடுத்துக் கொள்வதே புகைப் பழக்கம்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 1951-இல் தொடங்கி 34,439 ஆண் மருத்துவர்களின் வாழ்வை ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். விடாது புகைத்து வந்தவர்கள் புகைக்காதவர்களைக் காட்டிலும் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், முப்பதில் விட்டவர்கள் ஏறக்குறைய பத்தாண்டுகளையும் மீட்டுக் கொண்டார்கள். “இனி விட்டு என்ன பயன்?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுவே விடை. தவ்பாவின் வாசல் போல இந்த வாசலும் அறுபதிலும் திறந்தே இருக்கின்றது.

சகோதரர்களே! ரமலானில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஒரு மனிதர் பீடியோ சிகரெட்டோ இல்லாமல் இருந்து காட்டுகிறார். நோன்பு திறந்ததும் பள்ளியின் பின்புறம் சென்று பற்ற வைக்கிறார். பகல் முழுதும் விட முடிந்தவருக்கு இரவில் விட முடியாதா? அந்த முப்பது நாட்களும் புகையை விடுவதற்கென்றே வாய்த்த பயிற்சி நாட்களாகும்.

வீட்டுப் பெண்களையும் மறந்துவிடக் கூடாது. விறகடுப்பின் புகை, மூடிய அறையில் போடும் சாம்பிராணி, ஊதுபத்தி ஆகியவற்றின் புகை எல்லாம் நுரையீரலுக்குச் சுமையே. சன்னல்களைத் திறந்து வையுங்கள். நறுமணம் சுன்னத்துத்தான். ஆனால் மூச்சு முட்டும் புகை சுன்னத்து அன்று.

இரண்டு: உணவும் பானமும்

உண்ணுவதும் பருகுவதும் ஆகுமானவை, அவற்றில் வரம்பு மீறுவது ஆகாது என்பது திருமறையின் ஏழாவது அத்தியாயம் 31-ஆம் வசனம் தரும் கட்டளை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட வேண்டும் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் அறிவுரை திர்மிதீயில் வந்துள்ளது. இதனை நாம் மேடையில் கேட்டு ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்கிறோம், பந்தியில் மறந்து விடுகிறோம். நெய்ச்சோறும் தாளிச்சாவும் முடிந்த பின், “இன்னும் கொஞ்சம் வைங்க மாமா” என்பதும், வைக்காவிட்டால் மரியாதை குறைந்ததாக எண்ணுவதும் நம் வழக்கமாகிவிட்டது. விருந்தாளியின் இலையில் வலிந்து திணிப்பது உபசாரம் என்று எவர் சொன்னார்?

இதன் விளைவு கண் முன்னே நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. இரத்த அழுத்தம் உடையோர் 31 கோடிக்கும் மேல். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் ஒரே சோற்றில் கூடினால் அந்த எல்லை எங்கே நிற்கும்?

நோன்பு மாதம் வயிற்றுக்கு ஓய்வு தரும் மாதம். நாமோ மஃரிபில் வடை, சமோசா, சர்பத், இஷாவுக்குப் பின் பரோட்டா, சஹரில் இறைச்சிச் சோறு என்று பகலில் விட்டதை இரவில் இரட்டிப்பாக வசூல் செய்து கொள்கிறோம். பேரீச்சம் பழம், தண்ணீர், அளவான நோன்புக் கஞ்சி, பின்னர் தொழுகை, அதன் பின் வழக்கமான இரவு உணவு. இவ்வளவே போதுமானது.

நீரிழிவு உடையவர்கள் நோன்பு வருவதற்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்னதாகவே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தின் நேரத்தையும் அளவையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக் கொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தலாகாது. நோன்பின் போது இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது இத்துறை மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கின்றான். அவன் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்கு வழிப்படுவதே.

வெற்றிலைச் செல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலை சேர்ந்தால்தான் கேடு என்று பலர் எண்ணுகிறார்கள். பாக்கு மட்டுமே புற்று நோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது.

மூன்று: உடலின் அசைவும் ஓய்வும்

இலண்டன் நகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார், நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குவார். இருவரும் ஒரே ஊர், ஒரே நிறுவனம். இவர்களில் யாருக்கு இருதய நோய் அதிகம் என்று ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். நடத்துநர்களுக்கு நோய் குறைவாகவும், வந்த இடத்தும் கடுமை குறைவாகவும் இருக்கக் கண்டார். படியேறுவதற்கும் இருதயத்துக்கும் உள்ள உறவை உலகம் உணர்ந்து கொள்ள அந்த ஆய்வு வழி கோலியது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு அரை மணி நேர நடை வாரத்தில் ஐந்து நாட்கள் இருந்தால் 150 நிமிடங்கள் நிறைவாகும். பத்தாயிரம் அடிகள் நடந்தே தீர வேண்டுமென்று முதியவர்கள் அஞ்சத் தேவையில்லை. பல நாடுகளின் 15 ஆய்வுகளைச் சேர்த்து 2022-இல் வெளிவந்த கணக்கில், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6,000 முதல் 8,000 அடிகள் வரையிலேயே பெரும் பயன் கிடைத்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொழுகையை ‘நல்ல உடற்பயிற்சி’ என்று சிலர் மேடைகளில் வருணிக்கிறார்கள். தொழுகை இபாதத். அதன் நோக்கம் அல்லாஹ்வின் திருப்பொருத்தம். அதனைப் பயிற்சியின் தரத்துக்கு இறக்க வேண்டாம். ஆனால் தொழுகைக்காகப் பள்ளிக்கு நடந்து செல்வதற்கு ஒவ்வோர் அடியிலும் நன்மை உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு மோட்டார் வண்டியில் செல்வதேன்? நடந்தால் இம்மை, மறுமை இரண்டிலும் இலாபம்.

மற்றொன்றையும் எண்ணுங்கள். ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடப்பது மட்டும் சுமார் மூன்று கிலோமீட்டர் ஆகும். பொருள் சேர்த்து, பெண் மக்களுக்குக் கலியாணம் முடித்து, அறுபத்தைந்தில் ஹஜ்ஜுக்குச் செல்கிறவர், அதற்குள் முழங்காலை இழந்துவிட்டால் என்ன செய்வார்? கைப்பொருளைச் சேர்ப்பது போல் கால் வலிமையையும் சேர்த்து வைக்க வேண்டும்.

நான்கு: உள்ளத்தின் அசைவும் அமைதியும்

கோபமும் கவலையும் அச்சமும் உடலை வருத்தும் என்பதை ஹக்கீம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதினார்கள். அவற்றுள் இக்காலத்தில் பெருகி வருவது தனிமை. பிள்ளைகள் வளைகுடாவில், வாப்பாவும் உம்மாவும் ஊரில், பெரிய வீட்டில் இருவர் மட்டும் என்ற நிலை எத்தனை ஊர்களில்!

148 ஆய்வுகளையும், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களையும் உட்கொண்டு 2010-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அவை குன்றியவர்களைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டது.

ரிஸ்கு விரிவடையவும் ஆயுள் நீளவும் விரும்புகிறவர் உறவைச் சேர்ந்து வாழட்டும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரீயிலும் முஸ்லிமிலும் வந்துள்ளதை நாம் அறிவோம். ஆயுள் குறிக்கப்பட்டதாயிற்றே, அது எவ்வாறு நீளும் என்ற கேள்விக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஆலிம்களின் விளக்கங்களை எடுத்துக் காட்டுகிறார்கள். இருக்கும் ஆயுளில் பரக்கத்து உண்டாகி, நற்செயல்களுக்குத் தவ்ஃபீக் கிடைத்து, காலம் வீணாகாமல் காக்கப்படுவது என்பது ஒன்று. மலக்குகளுக்குத் தெரியும் ஏட்டில் உறவைச் சேர்வதைப் பொறுத்து ஆயுள் கூடும், ஆனால் முடிவில் எது நடக்கும் என்பது அல்லாஹ்வின் அறிவில் முன்பே உள்ளது என்பது மற்றொன்று. எந்த விளக்கத்தைக் கொண்டாலும், சொத்துத் தகராறில் பத்தாண்டுகளாகப் பேசாதிருக்கும் காக்காவின் வீட்டு வாசற்படியை மிதிப்பது, நம் ஆயுளுக்கு நாமே செய்து கொள்ளும் நன்மையாகும்.

ஐந்து: உறக்கமும் விழிப்பும்

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேச்சில் பொழுது போக்குவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். இன்று இஷாவுக்குப் பிறகுதான் நமக்குப் பொழுதே விடிகிறது. பேச்சுக்கு ஆளில்லாவிட்டாலும் கைப்பேசி இருக்கிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு உறங்கி, ஐந்து மணி பாங்குக்கு எழ முடியாமல் போய், பஜ்ரு களாவாகிறது. எழுந்து தொழுதாலும் நான்கு மணி நேர உறக்கத்தோடு அன்றைய வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வயது வந்தோர் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர்கள் 2015-இல் ஒருமித்துக் கூறினார்கள். குறைந்த உறக்கம் நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவற்றோடு தொடர்புடையது. இஷாவை முடித்து ஒன்பதரைக்குப் படுத்தவர் நான்கரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் நிறைவாகிவிடும். தஹஜ்ஜுதும் கிடைக்கலாம், பஜ்ரு ஜமாஅத்தும் கிடைக்கும். பகலில் சிறிது நேரம் கைலூலா செய்வது சஹாபாக்களின் வழக்கமாக இருந்தது. அது அரை மணிக்குள் இருப்பதே நலம். அஸர் வரை நீண்டால் இரவு உறக்கத்தைக் கெடுத்துவிடும்.

ஆறு: வெளியேற்றலும் தேக்கலும்

பேச வெட்கப்பட்டு நாம் ஒதுக்கிவிடும் பாடம் இது. மார்க்கம் வெட்கப்படவில்லை. சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கிக் கொண்டு தொழ வேண்டாம் என்று முஸ்லிமில் வரும் நபிமொழி தடுக்கிறது. தொழுகையையே சற்று நிறுத்தி வைத்து இத்தேவையை முடிக்கச் சொல்லும் மார்க்கத்தில், கடைவியாபாரத்துக்காகவும் பயணத்துக்காகவும் மணிக்கணக்கில் அடக்குவது சரியாகுமா?

நம் பெண்கள் பயணத்திலும், கலியாண மண்டபத்திலும் கழிப்பிடத்துக்கு அஞ்சித் தண்ணீரே குடிப்பதில்லை. இதனால் சிறுநீர்த் தொற்றும், கல்லடைப்பும் வருகின்றன. எனவே, மஹல்லா ஜமாஅத்தார் மண்டபம் கட்டும்போது அலங்கார வளைவுக்கு முன்னதாகப் பெண்களுக்குத் தூய்மையான கழிப்பிடம் கட்ட வேண்டும். தண்ணீர், கீரை, காய்கள், பழங்கள் ஆகியவற்றை நாள்தோறும் சேர்த்துக் கொண்டால் மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையைத் தேட வேண்டியதில்லை.

சேர்ந்து நிற்கும் பழக்கங்கள்

இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் பிடித்துக் கொண்டால் போதுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அலமீடா என்னும் மாவட்டத்தில் 1965-ஆம் ஆண்டு சுமார் ஏழாயிரம் பேரின் வாழ்க்கைப் பழக்கங்களைக் குறித்துக் கொண்டு, பின்னர் அவர்களின் வாழ்வையும் சாவையும் கணக்கிட்டார்கள். போதிய உறக்கம், காலை உணவு, இடையில் கொறிக்காமை, அளவான உடல் எடை, உடலுழைப்பு, புகையாமை, மது அருந்தாமை அல்லது மிகக் குறைத்தல் ஆகிய ஏழே அவர்கள் கவனித்தவை. ஆறேழு பழக்கங்களைக் கைக்கொண்ட 45 வயது ஆண், மூன்றும் அதற்குக் குறைவும் கைக்கொண்டவரைக் காட்டிலும் சுமார் 11 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வார் என்று 1970-களின் தொடக்கத்தில் வெளியான கணக்குக் காட்டிற்று. பெண்ணுக்கு இது சுமார் 7 ஆண்டுகள்.

இது ஒரு கூட்டத்தின் சராசரிக் கணக்கு. தனி ஒரு மனிதரின் அஜல் எந்த ஆய்வேட்டிலும் இல்லை. ஆயினும் பசும் கரை எது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது. அந்த ஏழில் காசு செலவாகும் மருந்து ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள்.

இபாதத்திலும் அளவு

“உடலைப் பேணுவது உலகப் பற்று, நாங்கள் ஆகிரத்தைத் தேடுகிறோம்” என்போருக்கு ஒரு வரலாறு.

ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வாலிப வயதில் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, அவருடைய உடலுக்கும், கண்ணுக்கும், மனைவிக்கும், விருந்தினருக்கும் அவர் மீது உரிமை உண்டென்று உணர்த்தி, மாதத்தில் மூன்று நோன்பு போதும் என்றார்கள். அவர் தமக்கு வலிமை உண்டென்று மேலும் மேலும் கேட்கவே, முடிவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பு என்ற அளவில் நிறுத்தினார்கள். பின்னர் முதுமை வந்து உடல் தளர்ந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர்கள் ஏங்கியதைப் புகாரீயில் படிக்கிறோம்.

சிந்தியுங்கள்! நோன்பிலும் வணக்கத்திலுமே உடலின் உரிமையை நினைவூட்டிய மார்க்கம், பிரியாணியிலும் பீடியிலும் கைப்பேசியிலும் அதனைப் பறிக்க அனுமதிக்குமா?

இன்று தொடங்கத் தக்கவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைகிறவர் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நாம் அறிந்த நபிவழி. ஆகவே ஒன்றிரண்டில் தொடங்கி, பழகிய பின் அடுத்ததைச் சேர்த்துக் கொள்க.

1. பள்ளிவாசலுக்கு நடந்தே செல்க. பஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடக்க.
2. பசி முற்றிலும் தீரும் முன்னே கையைக் கழுவுக. விருந்தாளியை வற்புறுத்தாதீர்.
3. புகைப்பவர் இன்றே நிய்யத்து வைக்க. முடியாவிட்டால் மருத்துவரின் துணையை நாடுக.
4. இஷாவுக்குப் பின் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்க.
5. வாரம் ஒரு முறை உறவினர் ஒருவரை நேரில் காண்க. தொலைவில் உள்ளவரோடு பேசுக.
6. முப்பது வயது கடந்தவர் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக் கொள்க. ஏற்கெனவே மருந்து உண்பவர், பழக்கங்கள் சீராகிவிட்டன என்று தாமாக மருந்தை விட வேண்டாம்.

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு பாக்கியங்களில் மனிதர்களில் பலர் நஷ்டமடைந்து விடுகிறார்கள் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நஷ்டமடைந்த வியாபாரிக்கு முதல் கையில் இருக்கும்போது அதன் அருமை தெரிவதில்லை. நமக்கு எத்தனை நாட்கள் மீதி என்பதை நாம் அறியோம். ஆனால் இருக்கும் நாட்களில் நம் காலால் நடந்து பள்ளிக்குச் சென்று, நம் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்யும் வலிமையோடு இருப்பதற்கு, நம்மால் ஆனதைச் செய்வது நம் பொறுப்பு. அதற்கு மேல் உள்ளது அவன் நாட்டம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நலமான உடலையும், அமைதியான உள்ளத்தையும், அவனுக்கு வழிப்படும் நீண்ட ஆயுளையும், இறுதியில் ஈமானோடு கூடிய நல்ல முடிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.